கல்லில் நின்றவள்

லிஃப்ட்காரர் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. படத்துக்குப் பஞ்சமில்லாத வீடுதான். கணினியைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் கொட்டும். எல்லாம் அவர் எடுத்தவை. எல்லாவற்றிலும் ஒரு பாம்பு, பாம்புக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு கல். எடுத்தவர் மட்டும் எதிலும் இல்லை. கடைசியில் வேலையிடத்து அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். யாரோ அதட்டி நிற்கவைத்தது போன்ற முகம்.

"இது அப்பா மாதிரியே இல்லம்மா," என்றாள் மகள். "வேற யாரையோ கூட்டிட்டு வந்து மாட்டின மாதிரி இருக்கு."

அவர் மனைவிக்கும் அப்படித்தான் இருந்தது.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வழிந்து வரும் வெள்ளை விரிப்புகளை, எதிரே ஒருத்தி நிற்க, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. கையை விரித்தபடி மணிக்கணக்கில் நிற்கச் சொன்னாலும் நிற்பாள். இந்தத் திறமையைக் கண்டுபிடித்து அதற்கு வீட்டிலும் ஒரு வேலை வைத்தவர் புருஷன்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பகலெல்லாம் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு வருவார். வரும்போது பையில் இரண்டு கல்லாவது இருக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொட்டிக் கிடப்பது, ஆற்றோரம் பொறுக்கியது, எதுவானாலும் சரி. பழைய மோட்டார் ஒன்றை வைத்து அவரே ஓர் உருளி செய்தார். கல்லும் தண்ணீரும் அரைக்கும் பொடியும் போட்டு மூடிவிட்டால் பால்கனியில் இரவும் பகலும் கடகடவென்று சுற்றும். வாரக்கணக்கில் சுற்றி, பொடியை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் திறந்தால் முட்டை முட்டையாய்ப் பளபளக்கும்.

பாம்பு வந்தது தற்செயலாக. ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்தவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்பார்கள். அங்கே லிஃப்ட் சரிசெய்யப் போனபோது, யாரோ வாங்கிவிட்டு வேண்டாமென்று திருப்பிக் கொடுத்த பாம்பு ஒன்று மூலையில் சுருண்டு கிடந்தது. பால் பைத்தான் என்றார் தொட்டிக்காரர். பயந்தால் கடிக்காது, தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகிவிடும், அதனால்தான் இங்கிலீஷில் அந்தப் பேர். லிஃப்ட்காரர் அதைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே நின்று கேட்டாள். "பால் பைத்தான்னா, பால் குடிக்குமா?"

"இல்ல. டீதான். சர்க்கரை கம்மியா," என்றார் அவர். அந்த அம்மாள் கொஞ்ச நாளைக்கு அதை நம்பினாள்.

உடம்பெல்லாம் காப்பிக்கொட்டை நிறம். பேர் பழுப்பு. விளக்கடியில் சூடேறிய கல்லை எதிரே வைத்தால் பழுப்பு மெதுவாக வந்து அதைச் சுற்றிக்கொள்ளும். இதை ஒருநாள் கவனித்தவர் கேமரா வாங்கினார். அதோடு அந்தச் சின்ன அறை அவருடையதாகிவிட்டது.

தொல்லை என்னவென்றால், கல்லைத் தேய்க்கத் தேய்க்க அது கண்ணாடியாகிவிடும். எதிரே இருப்பதெல்லாம் அதில் விழும். ஜன்னல், விளக்கு, கேமரா, அதன் பின்னால் குனிந்திருக்கும் ஆள். போதாததற்கு, ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை யாராவது பிடிக்க வேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் கல்லின் மேல் வெளிச்சம் தள்ளாடும்.

"கொஞ்சம் இடது பக்கம் சாய். அப்படியே நில்லு. மூச்சு விடலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது."

"பாம்பப் பாத்துக்கிட்டே மூச்சு வேற விடணுமா? ஏதாவது ஒண்ணுதான் செய்ய முடியும்."

பாம்பை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் ஆரஞ்சுப் பூப்போட்ட நைட்டியில், பலகையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி, வருஷக்கணக்கில் அந்த மூலையில் நின்றாள். வேலையிடத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தும் நின்றாள்.

பிறகு மஞ்சள் வந்தது. வெண்ணெய் நிறத்தில் இன்னொரு பாம்பு. கேட்காமல் கொள்ளாமல் வாங்கி வந்துவிட்டார்.

"ஒண்ணு பத்தாதா? இது வீடா, என்னது?"

"பழுப்பு கறுப்புக் கல்லுக்குத்தான் எடுக்குது. பச்சைக் கல்லுக்கு இதுதான் பொருத்தமா இருக்கும்."

"பொருத்தம் பாக்கறாராம் பொருத்தம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலல்ல? இனி அந்த ரூம் வாசல மிதிச்சா ஏன்னு கேளுங்க."

அவர் கேட்கவேயில்லை. அவளும் மிதிக்கவில்லை. மற்றபடி சண்டை ஏதும் கிடையாது. சேர்ந்து சாப்பிட்டார்கள், சேர்ந்து சிரித்தார்கள். லீவு நாளில் மட்டும் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவள் கூடத்தில் காய் நறுக்குவாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்கும். "சாய்... இன்னும் கொஞ்சம். அப்படியே நில்லு." பாம்போடு பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் மதியம், ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்த இயந்திர அறையில், உட்கார்ந்த இடத்திலேயே அவர் அடங்கிப்போனார்.

அந்த வாரமே அவள் அவருடைய துணிகள் எல்லாவற்றையும் துவைத்துவிட்டாள். யோசித்துச் செய்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் காலியானால் விரிப்பு முதல் உறை வரை உருவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுத்தான் பழக்கம். மடித்து அலமாரியில் அடுக்கி முடித்த பிறகுதான் ஒரு சட்டையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசம். அடுத்த சட்டை. அதுவும் சோப்பு. ஒன்றிலும் மனுஷன் இல்லை.

மிச்சமிருந்தது பால்கனியில் உருளிச் சத்தம் ஒன்றுதான். அவர் கடைசியாகப் போட்ட கற்கள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. மகள் இரண்டு தடவை அணைத்தாள். இரண்டு தடவையும் அம்மா எழுந்துபோய்ப் போட்டாள். அதற்குப் பிறகு மகள் அந்தப் பக்கம் போகவில்லை.

பாம்புகளுக்கு மகள் தண்ணீர் மாற்றினாள். வாரம் ஒருமுறை தொட்டிக்காரர் வந்து இரை போட்டார். "பாக்க ஆளில்லாம எத்தன நாளைக்கு அண்ணி? ரெண்டையும் நானே எடுத்துட்டுப் போயிடறேன். நல்ல எடமாப் பாத்துக் குடுத்துடலாம்," என்றார். தொல்லை விட்டது என்று அவளும் சரி சொன்னாள். அடுத்த லீவு நாளுக்கு வருவதாகப் பேச்சு.

அந்தப் பேச்சு நடந்த மறுநாள்தான் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இங்க பாரேன். கல்லுக்குள்ள."

ரொம்பப் பழைய படம். அரைகுறையாக எடுத்தது. பழுப்பின் நடுவே கோழிமுட்டையளவு கறுப்புக் கல். மகள் பெரிதாக்கினாள். கல்லின் பளபளப்பில் ஒரு சின்ன ஜன்னல், சின்ன விளக்கு. கேமராவுக்குப் பின்னால் பனியனோடு குனிந்தபடி ஒரு மனுஷன். ஒரு கண்ணை மூடி, நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

"நாக்கப் பாரு," என்றாள் அவள். சிரிப்பு வந்தது, கூடவே மற்றதும் வந்தது. "எத்தன தடவ சொல்லியிருப்பேன், குழந்தையாட்டம் நாக்கக் கடிக்காதீங்கன்னு."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தாயும் மகளும் சாப்பாட்டை மறந்து ஒவ்வொரு கல்லாகத் திறந்தார்கள். ஆரம்பத்துப் படங்கள் எல்லாவற்றிலும் இருந்தார். போகப்போகக் குறைந்தார். தொழில் பிடிபட்டதும் கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு, லென்ஸை மட்டும் வெளியே நீட்டி, தான் விழாமல் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். வித்தை கூடக் கூட ஆள் மறைந்துபோனார். நல்ல படம் எதிலும் அவர் இல்லை.

ஆனால் அவள் இருந்தாள். பலகையை மறைக்க முடியாதல்லவா. கல்லின் இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். அதற்குப் பின்னால் கடுகளவில் ஆரஞ்சுப் பூ நைட்டி. ஒவ்வொரு கல்லிலும் அதே இடத்தில்.

"இதுலயும் நீ," என்றாள் மகள். "இதுலயும் நீ. இதுலயும்."

அவள் சட்டென்று மகளின் கையைப் பிடித்தாள். "அது மஞ்சள்."

"ஆமா. அதுக்கென்ன?"

"மஞ்சள் வந்தப்புறம் நான் அந்த ரூமுக்குப் போகவே இல்லடி."

மகள் அடுத்த படத்தைத் திறந்தாள். பச்சைக் கல்லைச் சுற்றி மஞ்சள். கல்லின் ஓரத்தில் வெள்ளைச் சதுரம், ஆரஞ்சுப் பூ. அடுத்தது. அதிலும். லேசாக இடது பக்கம் சாய்ந்தபடி, அசையாமல், ஒருத்தி நின்றிருந்தாள்.

"ஒரு தடவ ரெண்டு தடவ போயிருப்ப. மறந்திருப்ப."

"வாசல மிதிக்கலடி."

அம்மாவின் பிடிவாதம் மகளுக்குத் தெரியாததல்ல. மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். என் இடத்தில் நின்றது யார்? முதலில் வேறொருத்தியோ என்று தோன்றியது. இரண்டு வருஷம், தான் கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கையில், இரண்டடி தள்ளிக் கதவுக்குப் பின்னால். ஆனால் வந்து போகிறவளுக்கு என் நைட்டி எதற்கு? அந்த நைட்டியோ காணாமல்போய் ரொம்ப நாளாகிறது. கொடியிலிருந்து காற்று அடித்துப் போனதென்று நினைத்திருந்தாள். எதிர்வீட்டுக்காரி மேல் ஒரு சந்தேகமும் இருந்தது.

பிறகு அதைவிட மோசமான எண்ணம் வந்தது. அது நானேதான் என்றால்? எனக்குத் தெரியாமலே எழுந்து போய் நின்றுவிட்டு வந்திருந்தால்? காலையில் எழுந்ததும், தூக்கத்தில் நடந்த தூசி ஒட்டியிருக்கிறதா என்று உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள். அந்த அறைக் கதவைத் தாண்டும்போது நடை தானாகவே வேகமானது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் சலவைக்கூடத்தில் எதிர்முனை பிடிப்பவள்.

"பேய் ஒண்ணும் அறையல. பேயே நான்தானோன்னு பாத்துட்டிருக்கேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே, இயந்திரத்தின் பளபளக்கும் எஃகு உருளையில், கையை விரித்து வெள்ளைத் துணியைப் பிடித்தபடி வளைந்து சிறுத்து ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கல்லில் இருந்தவள் இதே மாதிரிதான் இருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் கையிலிருந்து விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது.

அந்த அறைக்குள் இருந்தது அவரும் இரண்டு பாம்புகளும்தான். அவர் போய்விட்டார். இந்த இரண்டும் போய்விட்டால் கேட்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது. பாம்பிடம் கேட்டால் சொல்லவா போகிறது என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும், யார் நின்றது என்று தெரியாமல் அனுப்ப மனம் ஒப்பவில்லை.

இரை போட வந்த தொட்டிக்காரரை வாசலிலேயே மறித்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். ஒளிக்காம சொல்லணும். அவர் படம் எடுக்கும்போது கூட யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டாங்க அண்ணி. என்னையே உள்ள விட மாட்டாரு. நீ பெருமூச்சு விட்டா தூசி கல்லுல உக்காந்துரும், வெளிய நில்லுய்யாம்பாரு."

"அப்ப பலகைய யாரு பிடிப்பா?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதான?"

"நான் இல்ல."

"என்ன அண்ணி இப்படிச் சொல்றீங்க. இப்போ, போறதுக்கு ஒரு மாசம் முன்னாடிகூடச் சொன்னாரே. 'அவ பிடிச்சாத்தான்யா வெளிச்சம் ஆடாது, மத்தவங்க கையெல்லாம் நடுங்கும்'னு."

அவள் திரும்பி அந்த அறைக் கதவைப் பார்த்தாள். தொட்டிக்காரருக்கு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பட்டது. பேச்சை மாற்ற நினைத்து, தெரியாமல் நேரே அதற்குள்ளேயே காலை வைத்தார்.

"உங்க நைட்டிகூட ஒண்ணு பழுப்போட பெட்டியில கிடக்கு பாருங்க. ரெண்டு வருஷம் இருக்கும், பழுப்பு சாப்பாட்ட நிறுத்திருச்சு. அண்ணே பதறிப்போய் வந்தாரு. பழகின ஆளோட உடுத்தின துணி ஒண்ணு உள்ள போடுங்க, வாசத்துக்குச் சமாதானமாயிரும்னு நான்தான் சொன்னேன். அவரோடத போடுவாருன்னு பாத்தா உங்களோடத போட்டிருக்காரு."

மகள் அப்போது உள்ளிருந்து வந்தாள். "பாம்புக்கு அதெல்லாம் தெரியாது மாமா. குளிர் வந்தா அது மாசக்கணக்கா சாப்பிடாம கிடக்கும். அப்புறம் தானாவே சாப்பிடும். படிச்சுப் பாத்தேன்."

"படிச்சவங்க சொன்னா சரிதாம்மா," என்றார் அவர். "ஆனா துணி போட்டப்புறம் சாப்பிட்டுச்சு."

அவள் இருவரையும் தாண்டிப் போய் அந்தக் கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு காலை உள்ளே வைத்தாள்.

மேசை, விளக்கு, ஓட்டை போட்ட கறுப்புத் துணி. மூலையில், சரியாக அவள் நிற்கும் இடத்தில், லிஃப்ட் வேலையில் மிஞ்சிய இரும்புக் குழாய் ஒன்று பீடத்தோடு நட்டு வைத்திருந்தது. நெஞ்சு உயரத்தில் பலகையைக் கவ்வும் கிளிப். அதற்கு மேலே, தோளுயரத்தில், துணி மாட்டும் கம்பி ஒன்று வெறுமனே தொங்கியது.

தண்ணீர் மாற்ற வந்தபோதெல்லாம் ஏதோ ஸ்டாண்ட், ஏதோ துணி என்று கவனிக்காமல் போன மகள், இப்போது கம்பியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவ்வளவுதாம்மா. இதுல மாட்டியிருக்காரு. அந்த ஆரஞ்சு, பலகையில பட்டு, கல்லுக்கு ஒரு நிறம் குடுக்குதுல்ல? பழைய படத்துல இருந்த அதே நிறம் வேணும்னு செஞ்சிருப்பாரு. பெரிசாக்கிப் பாத்தா அதுக்குத் தலை இருக்காது பாரு."

மடிக்கணினியை எடுத்துவந்து பெரிதாக்கிப் பார்த்தார்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் விளக்கின் வெளிச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது. இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

"குழாய் நேராத்தான நிக்குது," என்றாள் அவள். "கல்லுல சாஞ்சுல்ல நிக்கறா."

"கல்லு உருண்டைம்மா. எல்லாமே சாஞ்சுதான் தெரியும்."

"அப்ப யார்கிட்டடி சாயச் சொன்னாரு?"

மகள் வெறும் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

"வந்திருக்க மாட்ட."

"மாட்டேன்தான்," என்றாள்.

பழுப்பின் பெட்டியருகே குனிந்தாள். நைட்டி மெத்தைபோல் கிடக்க, அதன்மேல் பழுப்பு தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டிருந்தது. நைட்டியின் ஒரு தோள் மட்டும் பாம்புக்கு வெளியே நீண்டிருந்தது. அந்தத் தோளில் கறை.

கறையைப் பார்த்தால் அவளுக்குச் சொல்லத் தெரியும். அதுதானே பிழைப்பு. இது லிஃப்ட் கம்பிக்குப் போடும் கறுப்புக் கிரீஸ். கை எத்தனை கழுவினாலும் ரேகைக்குள் நின்றுவிடும். தோளின் முன்பக்கம் ஒரு கட்டைவிரல், பின்னால் மடிப்பில் நான்கு விரல். ஒரே தடவையில் விழுந்த கறை இல்லை. ஓரம் பழுப்பேறிப்போன பழசு, அதன்மேல் கொஞ்சம் புதுசு, அதற்கும் மேலே இன்னும் கறுப்பு மாறாத ஒன்று. ஒவ்வொரு லீவு நாளும் பாம்பைத் தூக்கி வைத்துவிட்டு, இதை எடுத்து உதறி, தோளைப் பிடித்து அந்த மூலையில் நிறுத்தியிருக்கிறார். வேலை முடிந்ததும் தோளைப் பிடித்தே இறக்கியிருக்கிறார்.

இன்னொரு தோள் பாம்புக்கு அடியில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்று கை போயிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் விரல் பாம்பின் மேல் பட்டது. சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

சொன்னபடி லீவு நாளில் தொட்டிக்காரர் இரண்டு பெட்டியோடு வந்தார். மஞ்சளை எடுத்துப் பையில் கட்டி, பெட்டியில் வைத்து மூடினார். பழுப்பின் பக்கம் திரும்பினார்.

"அத விட்டுடுங்க தம்பி."

"ஏன் அண்ணி?"

"அடியில துணி கிடக்கு."

"துணிய உருவிடலாம். ஒண்ணும் பண்ணாது அது."

"தெரியும். உருவ வேணாம்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தோளைக் குலுக்கினாள். அவர் காலிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இரை போடணும், சூடு பாக்கணும். நீங்க தொடக்கூட மாட்டீங்களேன்னுதான் சொன்னேன்."

"காட்டிக் குடுங்க. கத்துக்கறேன். இது இன்னும் எத்தன வருஷம் இருக்கும்?"

தொட்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "நல்லாப் பாத்துக்கிட்டா, நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடி போகாது அண்ணி."

அவள் மேசையடியிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டிக்குள் பழுப்பின் தலை மெல்ல வெளியே வந்தது. நாக்கை நீட்டிக் காற்றைத் தொட்டது. ஒருமுறை அவள் பக்கம், ஒருமுறை மூலையின் பக்கம்.

"போகும்போது கதவச் சாத்திட்டுப் போங்க தம்பி," என்றாள் அவள்.